மறு: ‘மெயில் பாக்கெட்’டுக்கு ஈடான தமிழ்ச்சொல்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

கடல்வழி அஞ்சல் தொடர்பான நம் கலைச்சொல் பட்டியலில் ‘மெயில் பாக்கெட்’டுக்கு நேரே ‘நீராவித் தபால் கப்பல்’ என்று இருக்கிறது. இதை மாற்றியே ஆக வேண்டும். இங்கே நீராவி அடையாளமே அல்ல. இங்கிலாந்தின் ஃபால்மத் துறையிலிருந்து பாக்கெட்டுகள் பாய்மரக் காலத்திலேயே ஓடின. 1850களில் இலங்கையின் காலித் துறைக்கு வந்த நீராவிக் கப்பல்கள் எல்லாமே பாக்கெட்டுகளும் அல்ல. குறித்த நாளில் புறப்பட வேண்டும், குறித்த துறைகளைத் தொட வேண்டும், சரக்கு சேரவில்லை என்று காத்திருக்கக் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டில் ஓடுவதுதான் பாக்கெட்.

வேறுபாடு கடிதத்தின் கட்டணத்திலேயே தெரியும். அஞ்சல் கொண்டுசெல்ல அரசோடு ஒப்பந்தம் செய்த கப்பலில் வந்த கடிதத்துக்கு ஒரு கட்டணம், தனியார் வணிகக் கப்பலில் வந்ததற்கு வேறு கட்டணம். தனியார் கப்பலின் தலைவர் கொண்டுவந்த கடிதங்களை முதலில் தொடும் துறையின் அஞ்சலகத்தில் ஒப்படைப்பார். பிரிட்டனில் கடிதத்துக்கு 2 பென்ஸ் அவர் கைக்குக் கிடைக்கும். இந்த ‘ஷிப் லெட்டர்’ பட்டியலில் ‘கப்பல் கடிதம்’ ஆகியிருக்கிறது. இரண்டுமே கப்பலில்தானே வந்தன! கூலி வாங்கியவர் பெயராலேயே ‘கப்பித்தான் கடிதம்’ என்று வைக்கலாம். கப்பித்தான் தமிழில் பழகிய பழைய சொல்தான்.

பாக்கெட்டுக்கு என் பரிந்துரை ‘ஒப்பந்த அஞ்சல் கப்பல்’. நீளம்தான், ஆனால் பொருள் சிதறாது.

---

> பாக்கெட்டுக்கு என் பரிந்துரை ‘ஒப்பந்த அஞ்சல் கப்பல்’.

ஐயா, ‘கப்பித்தான் கடிதம்’ மிக நன்று, அப்படியே ஏற்கலாம். ‘ஒப்பந்த’ என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. சூயஸ்–பம்பாய்த் தடத்தை 1854 வரை கிழக்கிந்தியக் கம்பெனி தன் சொந்த நீராவிக் கப்பல்களைக் கொண்டே நடத்தியது. அங்கே ஒப்பந்தம் ஏது? ஆனால் அஞ்சல் குறித்த முறைப்படி போனது. பி அண்ட் ஓ என்ற தனியார் கப்பல் கம்பெனியோ ஒப்பந்தத்தில் ஓடியது: 1842இல் ‘ஹிந்துஸ்தான்’ சவுதாம்ப்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது, 1845இல் தடம் சிங்கப்பூர் வழியாக ஹாங்காங் வரை நீண்டது. இரண்டு கம்பெனிக் கப்பல்களையும் ஒரே சொல் தாங்க வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவாக இருப்பது முறைதான். ஆகவே ‘முறைக்கப்பல்’ என்கிறேன். முறைப்பாசனத்தில் தண்ணீர் தன் நாளில் தன் மடைக்கு வருவது போல, இது தன் நாளில் தன் துறைக்கு வரும். ‘முறை அஞ்சல்’, ‘முறைத்தடம்’, ‘கிளைமுறை’ என்று சொல் கிளைக்கவும் வழி இருக்கிறது.

கிளை ஏன் முக்கியம் என்பதற்குக் காலித் துறையைப் பாருங்கள். சூயஸிலிருந்து வரும் கப்பல் அங்கே நிற்கும். சென்னை, கல்கத்தா அஞ்சல் அதே தடத்தில் மேலே போகும். பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங் அஞ்சல் வேறு கப்பலுக்கு மாறும். ஆஸ்திரேலியக் கிளை 1852இல் சிங்கப்பூரிலிருந்து தொடங்கியது. பிறகு அதுவும் காலிக்கு வந்தது. எகிப்தில் ஒரு நாள் தாமதமானால் காலியில் எல்லாக் கிளைகளும் நிற்கும், ஏனெனில் தாய்க்கப்பலின் பைகள் இல்லாமல் கிளைக்கப்பல் கிளம்பிப் பயனில்லை. எகிப்துத் தாமதமும் சாதாரணமல்ல. அன்று சூயஸ் கால்வாய் இல்லை: அலெக்சாண்ட்ரியாவில் இறக்கி, உள்நாட்டுக் கால்வாயும் நைல் நதியுமாகக் கெய்ரோ வரை, அங்கிருந்து பாலைவனத்தில் ஒட்டகத்தில் சூயஸ் வரை. 1858இல் ரயில் சூயஸை எட்டிய பிறகுதான் இந்தப் பகுதி சீரானது. இந்தக் கைமாற்றத்துக்குப் பட்டியலில் உள்ள ‘மறு ஏற்றுமதி’ தவறு. அது வணிகச் சொல். ‘மாற்றேற்றம்’ போதும்.

காலித் துறையின் குறை அதன் நுழைவாயிலில்தான். பாறைகள், தென்மேற்குப் பருவக்காற்றின் அலை, ஒதுங்க இடமின்மை. ஆஸ்திரேலிய அஞ்சல் கப்பலான ‘ரங்கூன்’ 1871 நவம்பர் 1 அன்று அங்கேதான் பாறையில் மோதி மூழ்கியது. 1875இல் கொழும்பு அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1880களில் முறைக்கப்பல்கள் கொழும்புக்கு மாறின.

---

அம்மா, கம்பெனிக் கப்பல் உதாரணத்துக்கு மறுப்பே இல்லை. ‘முறைக்கப்பல்’ ஏற்கத் தக்கது. ‘ஒப்பந்த அஞ்சல்’ என்பதை உட்பிரிவாக மட்டும் வைத்துக்கொள்வோம்.

அடுத்து ‘கோலிங் ஸ்டேஷன்’. ‘நிலக்கரி நிரப்பு நிலையம்’ என்றால் இன்றைய பெட்ரோல் பங்க் போல ஒலிக்கிறது. ‘கரித்துறை’ என்றே வையுங்கள். ஏடன், காலி, சிங்கப்பூர் எல்லாம் கரித்துறைகள். இந்தத் துறைகளுக்குக் கரி கொண்டுவந்தவை பெரும்பாலும் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவந்த பாய்மரக் கப்பல்கள் என்பதைக் குறிப்பில் சேர்க்க வேண்டும். நீராவி அஞ்சல் பாய்மரத்தை நம்பித்தான் இருந்தது. கரிக்கப்பல் வராவிட்டால் முறை குலைந்துவிடும்.

‘அரைவல் டேட்’டுக்கு ‘வருகை நாள்’ என்று ஒரே சொல் இருப்பதும் போதாது. சென்னையில் அன்று துறைமுகம் கிடையாது. கப்பல் அலைக்கு அப்பால் நங்கூரமிடும்; ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுதான் பைகளைக் கரைசேர்க்கும். படகு இறங்க முடியாத சீற்றத்தில் கட்டுமரக்காரர் போவார். பாயால் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களைச் செருகித் தலையில் இறுக்கிக்கொள்வார். அலை அவரைப் புரட்டினாலும் தாள் நனையாது. ஆகவே கப்பல் வந்த நாளும் அஞ்சல் கரைக்கு வந்த நாளும் வேறாக இருக்கலாம். கடித முத்திரையின் தேதியைக் கப்பல் பதிவோடு ஒப்பிடுகிறவர்கள் குழம்புவது இங்கேதான். ‘நங்கூர நாள்’, ‘கரையிறக்க நாள்’ என்று இரண்டாகப் பிரிக்கப் பரிந்துரைக்கிறேன்.

‘சீ போஸ்ட் ஆபீஸ்’ என்பதற்குக் ‘கடல் அஞ்சலகம்’ சரி. 1868 முதல் பம்பாய்த் தடத்தில் கப்பலிலேயே கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தார்கள். கரையில் பிரிக்கும் நேரம் மிச்சமானதால் பைகள் நேரே ரயிலுக்குப் போயின.

இன்னும் சொல் அமையாதது ‘அட்மிரால்டி ஏஜென்ட்’. ஒப்பந்தக் கப்பலில் அஞ்சலைக் காத்து, ஒப்பந்தப்படி கப்பல் ஓடுகிறதா என்று கண்காணித்த கடற்படை அதிகாரி அவர். ‘முகவர்’ என்றால் கம்பெனியின் ஆள் என்று ஆகிவிடும். அவரோ அரசின் ஆள். ‘அஞ்சற் கண்காணி’ என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் தோட்டக் கண்காணி, கங்காணி என்று இலங்கை, மலேசிய வாசகர்களுக்கு வேறு பொருள் முந்திக்கொள்ளும். அந்நாடுகளின் அன்பர்கள் இதில் கருத்துச் சொன்ன பிறகே பட்டியலில் ஏற்றலாம்.