பார்கின்சன் இருக்கிற அப்பா எழுந்து நின்னாலே கண்ணு இருட்டுது, க்ளினிக்ல பிபி ஜாஸ்திங்கிறாங்க, உதவி ப்ளீஸ்

முனீர்கா_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 71 வயசு, ஆறு வருஷமா பார்கின்சன், அதுக்கான சிண்டோபா மாத்திரை நாலு வேளை போடுறாரு. ரெண்டு மாசமா எழுந்து நின்னா கண்ணு இருட்டிக்கிட்டு வருதுங்கிறாரு, பின்கழுத்தும் தோளும் இழுத்துப் பிடிக்குதாம், உக்காந்தா சரியாயிடுது. போன செவ்வாய் ஆர்.கே.புரம் மலை மந்திர்ல விழுந்து கும்பிட்டு எழுந்தவரு அப்படியே சரிஞ்சுட்டாரு, நாலு பேரு தூக்கி சேர்ல உக்கார வச்சு தண்ணி தெளிச்சாங்க, நினைவு வர்றதுக்குள்ள எனக்கு உயிரே போயிருச்சு. பக்கத்து க்ளினிக்ல உக்கார வச்சு பாத்தா 146/84, உப்பைக் குறைங்கன்னு அனுப்பிட்டாங்க. ஒரு வாரமா உப்பே இல்லாத மாதிரி தான் சமைக்கிறேன், இன்னும் மோசமாகுது. காலைல பாத்ரூம் போறப்பவும் சாப்ட்டு எழுந்திருக்கிறப்பவும் தான் ரொம்ப. நியூரோ அப்பாயின்ட்மென்ட்டுக்கு இன்னும் 12 நாள் இருக்கு, அதுவரைக்கும் என்ன பண்றது?

மயூர்விஹார்வாசி:
எழுந்து நின்னா பிபி இறங்குற கோளாறு மாதிரி இருக்கு, உக்கார வச்சு பாத்தா இது மாட்டாதும்மா. என் மனைவிக்கு எம்எஸ்ஏ (பார்கின்சன் மாதிரியே ஒரு நரம்பு நோய்), எங்களுக்கும் இதே கதை தான், ஒரு வருஷம் வீணாப் போச்சு. வீட்ல மெஷின் இருந்தா அஞ்சு நிமிஷம் மல்லாக்க படுக்க வச்சு ஒரு தடவை பாருங்க, அப்புறம் நிக்க வச்சு 1 நிமிஷத்துலயும் 3 நிமிஷத்துலயும் பாருங்க, பல்ஸையும் எழுதுங்க. மேல் நம்பர் 20 இல்லன்னா கீழ் நம்பர் 10 இறங்கினா அந்தக் கோளாறு தான். பக்கத்துல ஆள் இல்லாம நிக்க வைக்காதீங்க. இன்னொண்ணு, மயங்குனா தூக்கி சேர்ல வைக்கவே கூடாது, தரையிலயே படுக்க வச்சு காலைத் தூக்கிப் பிடிங்க, ரத்தம் தலைக்குப் போனா தானே முழிப்பாரு.

முனீர்கா_பொண்ணு:
அங்கிள் இப்பதான் பாத்தேன். படுத்தப்ப 158/86, பல்ஸ் 72. நின்ன 1 நிமிஷத்துல 118/70. 3 நிமிஷத்துல 102/64, பல்ஸ் 77. கை நடுங்குது டைப் பண்ண.

நர்ஸ்_சரோஜினிநகர்:
அக்கா பயப்படாதீங்க, காரணம் பிடிபட்டாச்சு. பிபி 56 இறங்கியும் பல்ஸ் அஞ்சு தான் ஏறிருக்கு பாருங்க. தண்ணிச்சத்து குறைஞ்சு இறங்குனா சாதாரணமா இதயம் வேகமா அடிச்சு ஈடு கட்டப் பாக்கும். பார்கின்சன்ல ரத்தக்குழாயைச் சுருக்கச் சொல்ற நரம்பே பழுதாயிடுறதால அந்த ஈடு கட்டுறது நடக்கல. படுத்தா ஏறுறதும் அதே கோளாறு தான், அதனால அந்த 158-ஐ மட்டும் பாத்துட்டு யாராவது பிபி மாத்திரையைக் கூட்டுனா ஆபத்து. வேற என்னென்ன மாத்திரை போடுறாரு? விழுந்தப்ப தலைல அடி பட்டுச்சா?

முனீர்கா_பொண்ணு:
அடி இல்ல, தெய்வாதீனம். ப்ராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின், பிபிக்கு ஆம்லோடிபின். டாம்சுலோசின் ஆரம்பிச்சு ரெண்டரை மாசம் இருக்கும்... ஐயோ, மயக்கமும் அப்பத்துலேந்து தானே!

நர்ஸ்_சரோஜினிநகர்:
ரெண்டுமே பிபியை இறக்கும், சிண்டோபாவும் கொஞ்சம் இறக்கும். ஆனா நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, சிண்டோபாவை திடீர்னு நிறுத்துறது ரொம்ப ஆபத்து. 12 நாள் காத்திருக்க வேணாம், நாளைக்கே நியூரோ ஓபிடிக்கு போன் பண்ணி இந்த நம்பரையும் மாத்திரை லிஸ்ட்டையும் சொல்லுங்க, உப்பையும் கேளுங்க, ஹார்ட் கிட்னி நல்லா இருந்தா பெரும்பாலும் இதுக்குக் கூட்டத்தான் சொல்வாங்க. தண்ணிக்குக் கட்டுப்பாடு எதுவும் சொல்லலைன்னா காலைல கட்டில்லேந்து இறங்குறதுக்கு முன்னாடி ரெண்டு டம்ளர் பச்சத்தண்ணி மடமடன்னு குடிக்கச் சொல்லுங்க, பத்து நிமிஷத்துல பிபியை நல்லாவே தூக்கும். வயிறு முட்ட சாப்பிட்டா ரத்தம் எல்லாம் குடலுக்குப் போயிடும், அதான் சாப்ட்டு எழுந்தா சாயறாரு, கொஞ்சம் கொஞ்சமா அஞ்சாறு வேளை குடுங்க. இந்த மே மாச டெல்லி வெயில்ல வெந்நீர் குளியலும் வேணாம்.

மயூர்விஹார்வாசி:
ராத்திரி தலைமாட்டுக் கட்டில் காலுக்கு அடியில செங்கல் வச்சு ஆறேழு இஞ்ச் உசத்துங்க, தலகாணி அடுக்குறது போதாது. சமமா படுத்தா ராத்திரி பிபி ஏறி, கிட்னி உப்பையும் தண்ணியையும் வெளிய தள்ளிடும், நாலஞ்சு தடவை ஒண்ணுக்குப் போய்ட்டு காலைல காலியா எழுந்திருப்பாங்க. பிரசவத்துக்கு அப்புறம் போடுவாங்களே வயித்து பெல்ட், அதைப் பகல்ல போட்டு விடுங்க, என் மனைவிக்கு கால்ல போடுற இறுக்கமான ஸ்டாக்கிங்ஸை விட அது தான் கை குடுத்துச்சு. படுக்குறப்ப கழட்டிடணும். அவங்களுக்கு பிபியை ஏத்துற மிடோட்ரின் மாத்திரை குடுத்தாங்க, தலை அரிக்கும், புல்லரிக்கும், பரவால்ல, ஆனா படுக்குறதுக்கு 4 மணி நேரம் முன்னாடியே கடைசி டோஸ் முடிஞ்சிடணும்.

முனீர்கா_பொண்ணு:
ஒரு வாரம் கழிச்சு எழுதறேன். நியூரோ டாக்டர் டாம்சுலோசினையும் ஆம்லோடிபினையும் நிறுத்திட்டாரு, யூரின் போறதுக்குத் தனியா யூராலஜில கேக்கச் சொன்னாரு, உப்பு பழையபடி போடலாம்னாரு. இன்னைக்கு நின்னு 3 நிமிஷத்துல 124/72. அப்பா அவரே பால்கனிக்குப் போய் துளசிக்குத் தண்ணி ஊத்துனாரு, எனக்கு அழுகையே வந்துருச்சு. ஒரே பிரச்சனை, செங்கல் வச்சதுலேந்து தூக்கத்துல சறுக்கி கால்மாட்டுக்கு வந்துடுறாரு, என்ன பண்றீங்க அங்கிள்?

மயூர்விஹார்வாசி:
தொடைக்கு அடியில பழைய பெட்ஷீட்டைச் சுருட்டி வைம்மா, சறுக்காது.