தமிழ்ப் பூசையை சிங்களப் பூசையோடு சேர்க்கப் போகிறார்களாம், யாருக்காவது அனுபவம் உண்டா?

ஆட்டுப்பட்டித்தெரு எழுதியது:

எங்கள் கத்தோலிக்கக் கோவில் பங்கு கொழும்பு வடக்கில். பெயர் வேண்டாம், சொன்னால் உங்களில் பாதிப் பேர் என் வீட்டு இலக்கத்தையே சொல்லிவிடுவீர்கள். பழைய பங்குத்தந்தை மாற்றலாகிப் போனார், பிரியாவிடைக்கு கிழவிகள் எல்லாம் அழுதார்கள், புதியவருக்கு பாண்ட் வாசித்து மாலை போட்டு வரவேற்றோம், அதெல்லாம் வழமைதான். இப்போது அவர் ஞாயிறு காலை ஏழு மணித் தமிழ்ப் பூசையையும் எட்டரை மணிச் சிங்களப் பூசையையும் ஒன்றாக்கி எட்டு மணிக்கு இருமொழிப் பூசையாக வைக்கலாமா என்று பங்குச் சபையில் கேட்டிருக்கிறார்.

அவர் சொல்லும் காரணம் பொய்யில்லை. ஏழு மணிக்குக் கோவிலில் பின்பக்க வாங்குகள் எல்லாம் வெறுமை. உதவிப் பாதரை வேறு பங்குக்கு எடுத்துவிட்டார்கள், இவர் ஒற்றை ஆளாக நின்று மூன்று மொழியிலும் வைக்க வேண்டியிருக்கிறது. 2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு சில வாரம் கோவிலில் பூசையே இல்லை, கர்தினாலின் பூசையை டிவியில் பார்த்தோம், பிறகு வாசலில் பை சோதிக்கிற வரிசை, அடுத்த வருஷம் கொரோனா. அந்த இடைவெளியில் நின்றுபோனவர்களில் நிறையப் பேர் திரும்பி வரவேயில்லை. மிச்சப் பேர் வத்தளை, ஹெந்தளைப் பக்கம் வீடு எடுத்துப் போய்விட்டார்கள், இல்லாவிட்டால் கனடா.

ஆனால் என் அம்மாவுக்குச் சிங்களம் சந்தைக்குப் போகக் காணும், பிரசங்கத்துக்குக் காணாது. பாதர் தானாகவே இதை முடிவு செய்யலாமா? ஆயர் இல்லத்துக்குக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் பயன் உண்டா? சரிவராவிட்டால் பக்கத்துப் பங்குக்கு மாறிப் போகலாமா, மகள் அடுத்த வருஷம் முதல் நன்மைக்கு (முதன்முதலாக நற்கருணை வாங்க) இருக்கிறாள், அதற்குச் சிக்கல் வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய செயலாளர் எழுதியது:

தம்பி, பங்குச் சபையில் கனகாலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முடிவு பங்குத்தந்தையுடையதுதான். 1983ஆம் வருஷத் திருச்சபைச் சட்டத்தில் 536ஆம் எண்ணைப் பாருங்கள், பங்குச் சபைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டும்தான். கைதூக்கி வாக்கெடுத்து பாதரைத் தோற்கடிக்கிற இடம் அது இல்லை. சபையில் இருக்கிற சில பேருக்கே இது தெரியாது, பாராளுமன்றம் மாதிரி நினைத்துக்கொண்டு மேசையில் அடிப்பார்கள். அதேநேரம் 212ஆம் எண் என்ன சொல்கிறது என்றால், விசுவாசிகள் தங்கள் தேவையை, முக்கியமாக ஆன்மீகத் தேவையை, மேய்ப்பர்களிடம் சொல்லலாம். ஆகவே சொல்லுங்கள். ஆனால் சொல்கிற விதம் இருக்கிறது.

கையெழுத்து வேட்டையில் இறங்க வேண்டாம். ஒரு பங்கில் இதே விஷயத்துக்குப் பட்டியல் சுற்றியதை நான் பார்த்தேன், அதில் கையெழுத்து வைத்தவர்களில் முக்கால்வாசிப் பேரை அந்தப் பாதர் பூசையில் கண்டதே கிடையாது, கத்தோலிக்கர் வீட்டு வாடகைக்காரர் ஒருவரும் வைத்திருந்தார், அவர் கந்தசுவாமி பக்தர். அந்தப் பட்டியலைப் பொரளையில் இருக்கிற ஆயர் இல்லத்துக்குக் கொண்டுபோனால் அது எங்கே திரும்பி வரும் தெரியுமா? அதே பங்குத்தந்தையின் மேசைக்கு, "விசாரித்து எழுதவும்" என்று. அதற்குப் பிறகு அவரோடு நீங்கள் எப்படிக் கதைப்பது.

பாதர் ஒரு ஞாயிறு பூசையை வைப்பதா விடுவதா என்று பார்க்கும்போது தலையை மட்டும் எண்ணுவதில்லை. வாசகம் வாசிக்க ஆள் இருக்கிறதா, பாட்டுக்கு ஓகன் வாசிக்க யார், பீடத்துக்குப் பெடியன்கள் வருகிறார்களா, மறைக்கல்வி வகுப்பைத் தமிழில் எடுக்க ரீச்சர் இருக்கிறாரா, இதைத்தான் பார்க்கிறார். எங்கள் பங்கில் ஏழு மணிப் பூசை தப்பியது நாலு குடும்பத்தால். அவர்கள் மாறி மாறி வாசகத்தை எடுத்துக்கொண்டார்கள், ஒரு ஞாயிறும் "இன்றைக்கு யார் வாசிக்கிறது" என்று பாதர் உடை மாற்றுகிற சக்கிறிஸ்து அறையிலிருந்து எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பெயர்ப்பட்டியலோடு போய்க் கதையுங்கள், முறைப்பாட்டோடு போகாதீர்கள்.


ஹெந்தளைக்குப் போனவள் எழுதியது:

நீங்கள் சொன்ன வத்தளைப் பக்கம் போன கூட்டத்தில் நானும் ஒருத்தி, கோபிக்க வேண்டாம், கொட்டாஞ்சேனையில் இந்த விலைக்கு வீடு கிடைக்குமா சொல்லுங்கள்.

இருமொழிப் பூசை எப்படி நடக்கும் என்று அனுபவத்தில் சொல்கிறேன், ஏனென்றால் பேப்பரில் அது நன்றாகத்தான் இருக்கும். முதல் வாசகம் தமிழ், பதிலுரைப் பாடல் சிங்களம், இரண்டாம் வாசகம் சிங்களம், நற்செய்தி இரண்டிலும், பிரசங்கம் இரண்டிலும். அன்றைய வாசகம் எல்லா மொழியிலும் ஒன்றுதான் என்பதால் அதில் பிரச்சினை இல்லை. பிரச்சினை நேரத்தில் வருகிறது. பூசை ஒன்றரை மணித்தியாலத்தைத் தாண்டும், பிள்ளைகள் நெளியும், பின்னால் நிற்கிற ஆண்கள் வெளியே போய் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்பார்கள். இரண்டு மாதத்தில் "கொஞ்சம் சுருக்குவோம்" என்று யாரோ சொல்வார்கள், சுருங்குவது எப்போதும் ஆள் குறைந்த பக்கம்தான். பத்து நிமிஷத் தமிழ்ப் பிரசங்கம் நாலு வசனம் ஆகும். அப்புறம் அந்த நாலு வசனமும் சிங்களத்தில் சொன்னதன் சுருக்கம் ஆகும். அப்புறம் பாடகர் குழு. எங்கள் அக்காமார் இருந்த குழுவும் சிங்களக் குழுவும் ஒன்றானபோது தமிழுக்கு இரண்டு பாட்டு என்று பேச்சு, கடைசியில் காணிக்கைப் பாட்டு மட்டும் மிஞ்சியது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பயிற்சி சனிக்கிழமை பின்னேரம், எங்கள் ஆட்களுக்கு அந்த நேரத்தில் டியூஷன் வகுப்பு, அவ்வளவுதான்.

பெரிய வியாழன், உயிர்ப்புத் திருவிழிப்பு, பங்குத் திருவிழா மூன்றையும் மூன்று மொழியில் சேர்த்து வைப்பது எனக்கு உண்மையிலேயே பிடிக்கும். அன்றைக்கு முழுப் பங்கையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். ஒவ்வொரு ஞாயிறும் அப்படி வைத்தால்தான் நடப்பது வேறு.


கொச்சிக்கடை செவ்வாய் எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கமாகக் கதைக்கிறீர்கள், ஆகவே நான் மறுபக்கம்.

என் மனைவி சிங்களம், பிள்ளைகள் ஆங்கில மொழிமூலம், வீட்டில் மூன்றும் கலந்து ஓடுகிறது. ஏழு மணித் தமிழ்ப் பூசைக்குப் போனால் மனைவிக்கு விளங்காது, எட்டரைக்குப் போனால் என் அப்பாவுக்கு விளங்காது, ஒரே குடும்பம் இரண்டு பூசைக்குப் பிரிந்து போகிறோம். எங்களைப் போல எத்தனை வீடு கொழும்பில் இருக்கிறது? இருமொழிப் பூசை எங்களுக்கு வசதி. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் போய் நின்று பாருங்கள், பௌத்தர், இந்து, யார் யாரோ மெழுகுதிரியோடு நிற்கிறார்கள், எந்த மொழியில் செபம் போகிறது என்று ஒருவரும் கணக்குப் பார்ப்பதில்லை.

இன்னொன்று. தமிழ்ப் பூசை வேண்டும் என்கிறவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். உங்கள் பங்கிலிருந்து கடைசியாகக் குருமடம் போன தமிழ்ப் பெடியன் யார்? பிள்ளையை டொக்டர், இன்ஜினியர் என்று படிப்பித்து மெல்பேர்னுக்கு அனுப்பிவிட்டு, தமிழ்ப் பாதர் இல்லை என்று ஆயரிடம் குறை சொன்னால் அவர் எங்கிருந்து எடுத்துத் தருவார்.


முன்னக்கரைப் பேரன் எழுதியது:

கொச்சிக்கடை செவ்வாய் அண்ணா, கடைசிப் பந்தி சரி, மறுப்பதற்கில்லை. ஆனால் முதல் பந்திக்கு ஒரு பதில் என் குடும்பத்திலேயே இருக்கிறது.

நாங்கள் நீர்கொழும்பு. அம்மம்மா செபமாலையைத் தமிழில்தான் சொல்வா. அம்மா இரண்டிலும். நான் இந்தத் தமிழைப் பெரியவனாகி, கொழும்பில் வேலைக்கு வந்த பிறகு எழுதப் பழகினேன், எங்கள் வீட்டில் என் வயதில் தமிழ் எழுதத் தெரிந்த வேறு ஆள் இல்லை. நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரை கடற்கரை ஊர்களில் இது பெரிய கதை, தமிழ் பேசிய கத்தோலிக்கக் குடும்பங்கள் பள்ளிக்கூடம் சிங்களமாகி, கோவிலும் சிங்களமானதும் ஒன்றிரண்டு தலைமுறையில் மாறிவிட்டன. இன்றைக்கும் சில மீன்பிடி ஊர்களில் வீட்டுக்குள் தமிழ் கேட்கலாம், வெளியே வந்தால் சிங்களம். யாரும் யாரையும் அடித்து மாற்றவில்லை. பள்ளிக்கூடம் போன பிறகு பிள்ளை தமிழ் கேட்ட ஒரே பொது இடம் கோவில்தான், அதுவும் போனதும் வீட்டுத் தமிழ் தனியாக நிற்க முடியாமல் விழுந்தது.

அது நல்லதா கெட்டதா என்று இங்கே சண்டை போட எனக்கு விருப்பமில்லை, என் உறவினர் பலர் சிங்களவராகச் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் "வசதிக்காகச் சேர்ப்போம், தமிழும் இருக்கும்" என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாட்டில் தாய்மொழிக்கு இடம் கொடுத்தபோது, அது என் அம்மம்மா போன்ற ஆட்களுக்காகத்தான் என்று நினைக்கிறேன். லத்தீனில் விளங்காமல் நின்ற சனத்தை இன்னொரு மொழியில் விளங்காமல் நிற்க வைப்பதற்கு அவ்வளவு பெரிய சங்கம் தேவையில்லை.


ரீச்சர் அக்கா எழுதியது:

கடதாசி விஷயத்துக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை, மறைக்கல்வி எடுக்கிறவள் என்பதால் நான் சொல்கிறேன்.

ஞாயிறு பூசை காண வேண்டிய கடனுக்கு எந்தக் கத்தோலிக்கக் கோவில் பூசையும் சரி, முதல்நாள் பின்னேரப் பூசையும் சரி, 1248ஆம் எண் அதைத்தான் சொல்கிறது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு பக்கத்துப் பங்குத் தமிழ்ப் பூசைக்குத் தாராளமாகப் போகலாம், யாரிடமும் கேட்கத் தேவையில்லை. ஆனால் நீங்கள் எந்தப் பங்கைச் சேர்ந்தவர் என்பது நீங்கள் குடியிருக்கிற இடத்தை வைத்து, விருப்பத்தை வைத்து இல்லை. மகளை வேறு பங்கில் முதல் நன்மைக்குச் சேர்த்தால் அங்கே ஞானஸ்நானச் சான்றிதழும் உங்கள் சொந்தப் பங்குத்தந்தையின் கடிதமும் கேட்பார்கள். அதாவது யாரோடு கோபித்துக்கொண்டு போகிறீர்களோ அவரிடமே போய்க் கடிதம் வாங்க வேண்டும். வகுப்புத் தொடங்கிய பிறகு மாறுவது இன்னும் கரைச்சல், வரவுப் பதிவைக் கேட்பார்கள்.

ஞானஸ்நானம் கொடுத்த கோவிலின் பதிவேடுதான் கடைசி வரைக்கும் மூலம். உறுதிபூசுதல், கலியாணம் எல்லாம் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதப்படும். அதனால்தான் கலியாணத்துக்குப் பழைய பிரதி செல்லாது, ஆறு மாதத்துக்குள் எடுத்த புதுச் சான்றிதழ் கேட்பது. பிள்ளைக்கு வேறு ஊரில் ஞானஸ்நானம் என்றால் இப்போதே ஒரு பிரதி எடுத்து வையுங்கள், பெயர் எழுத்துப் பிழை இருந்தால் முதல் நன்மைக்கு முந்திய மாதம் ஓடித் திரியாமல் இப்போதே திருத்தலாம். தமிழ்ப் பெயரைச் சிங்களத்திலும் பிறகு ஆங்கிலத்திலும் எழுதும்போது வருகிற பிழைகளைப் பற்றி நான் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும்.


ஆட்டுப்பட்டித்தெரு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கையெழுத்து யோசனையை விட்டுவிட்டேன். செயலாளர் அண்ணா சொன்ன மாதிரி நேற்று பூசை முடிந்து நாலைந்து பேரிடம் கதைத்தேன், வாசகத்துக்கு ஆள் சேரும் போல இருக்கிறது, ஓகன் மட்டும்தான் பிரச்சினை, வாசித்த பிள்ளை கம்பஸுக்குப் பேராதனை போய்விட்டது. கொச்சிக்கடை அண்ணாவின் வீட்டு நிலைமை எங்கள் பங்கிலும் சில பேருக்கு இருக்கிறது, அதையும் பாதரிடம் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் இருமொழி, மற்ற ஞாயிறுகளில் தமிழ் தனியாக என்று கேட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். இன்னொன்று, புதிய பாதர் சிங்களவர், தமிழ் கதைப்பார், ஆனால் பூசைப் புத்தகம் வாசிக்கத் தடுமாறுகிறார். அவருக்கு அதுவே பெரிய பாரமோ என்று இப்போது தோன்றுகிறது.


பழைய செயலாளர் எழுதியது:

அப்படியென்றால் அதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. சிங்கள எழுத்தில் தமிழ் உச்சரிப்பை எழுதி வைத்து வாசிக்கிற பாதர்மாரை எனக்குத் தெரியும். பாதர் சொல்கிற நற்கருணை மன்றாட்டும் அதன் முகவுரையும் யாராவது தெளிவாகத் தட்டச்சு செய்து கொடுத்தால் அவருக்குப் பெரிய உதவி. வாசகங்களை எப்படியும் நீங்கள் வாசிக்கிறீர்கள். நற்செய்தியும் அன்றைய செபங்களும் கிழமைக்குக் கிழமை மாறும், அவற்றை வெள்ளிக்கிழமையே அனுப்பிவிடுங்கள். பிரசங்கம் கதைக்கிற தமிழில் போதும், சனம் அதைத்தான் விரும்பும்.

ஓகனுக்கு ஆள் கிடைக்கும் வரை வாயால் பாடுங்கள், ஒன்றும் குறையாது. அம்மாவின் வயதுக்காரர்களுக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம், அவர்களை முன்வாங்கில் இருத்துங்கள்.