நிறமாற்றமா, சிதைவா, திரிபா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

விண்கலத்தின் மேற்பூச்சுகளை வெற்றிட அறையில் வைத்துப் புறஊதாக் கதிரும் எலக்ட்ரான் கற்றையும் பாய்ச்சும்போது, அவை சூரிய ஒளியை உட்கவரும் அளவு மாறிவிடுகிறது. இம்மாற்றத்தை நம் கலைச்சொல் பட்டியலில் எந்தத் தமிழ்ச்சொல்லால் குறிப்பது என்பதே கேள்வி. தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரத்து ஐயா முன்மொழிந்த ‘நிறமாற்றம்’ எளிய சொல்லே. ஆயினும் என்னால் ஏற்க இயலவில்லை. துத்தநாக ஆக்சைடு கலந்த வெள்ளைப் பூச்சில் உட்கவர்தல் பெரும்பாலும் அகச்சிவப்புப் பகுதியில்தான் கூடுகிறது. கண்ணுக்குப் பூச்சு வெள்ளையாகவே இருக்கும்; விண்கலமோ சூடேறும்.

நம்மில் அக்கா ஒருவர் சொன்ன ‘ஒளியியல் சிதைவு’ இதைவிட நெருங்கி வருகிறது. ஆனால் அதே பூச்சின் மீது காற்றுப் பட்டதும், ஆக்சிஜன் மேற்பரப்பில் படிந்து, கூடியிருந்த உட்கவர்தலில் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது. அறையைத் திறந்து மாதிரியை வெளியே எடுத்து அளந்தவர்கள் பூச்சு கெடவில்லை என்றே நம்பினார்கள். வெற்றிடத்திலேயே அளக்க வேண்டும் என்பது 1960களில்தான் தெளிவாயிற்று. சிதைந்த பொருள் காற்றுப் பட்டதும் பழையபடி ஒன்றுசேர்ந்துவிடுமா?

ஆகவே ‘ஒளிப்பண்புத் திரிபு’ என்பதை முன்வைக்கிறேன். பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகையில் னகரம் றகரமாகத் திரிகிறது. எழுத்துக்குரிய இடம் அழிவதில்லை, அங்கே நிற்பது வேறாகிறது. பூச்சிலும் நடப்பது அதுவே. திரிந்த பால் மீளாதே என்று கேட்பீர்கள். சரிதான், அதனால்தான் காற்றில் மறைவதை மீள்திரிபு என்றும், எஞ்சி நிற்பதை மீளாத்திரிபு என்றும் பிரிக்க விரும்புகிறேன்.

இன்னொன்றையும், அதாவது மேற்பரப்பு அரிக்கப்பட்டுத் தேயும் அரிமானத்தையும், இதனோடு குழப்பக்கூடாது. டர்பன் வெயிலில் பல ஆண்டு கிடந்த எங்கள் முற்றத்து வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலி மஞ்சளாகிவிட்டது; கைப்பிடியை உப்புத்தாளால் தேய்த்தபோது மெல்லிய மேல்தோல் தூளாக உதிர்ந்து, அடியில் பழைய வெள்ளை தெரிந்தது. 1984 ஏப்ரலில் நாசா சுற்றுப்பாதையில் விட்டு, 1990 ஜனவரியில் மீட்டுக் கொண்டுவந்த, பொருள்களை விண்வெளியில் நெடுநாள் வைத்துச் சோதித்த எல்.டி.இ.எஃப் என்னும் கலத்திலும் இதையொத்ததே நேர்ந்திருந்தது. ஒரே பாலியூரித்தேன் வெள்ளைப் பூச்சு, கலம் பறந்த திசைக்குப் பின்பக்கத்தில் பழுப்பேறியிருந்தது. முன்பக்கத்திலோ எதிர்ப்பட்ட அணுநிலை ஆக்சிஜன் (தனித்தனி அணுக்களாக உள்ள ஆக்சிஜன்) பழுப்பேறிய தோலை அவ்வப்போது அரித்துவிட்டதால் வெண்மையாக இருந்தது. புறஊதாக் கதிர் விளைவித்தது திரிபு. ஆக்சிஜன் செய்தது அரிமானம். ‘சிதைவு’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் அடைத்தால், முன்பக்கம் ஏன் வெள்ளையாக இருந்தது என்பதை மாணவருக்கு விளக்கவே முடியாது.

சொல் ஏற்கப்பட்டால், நம் பட்டியலில் திரிபின் அளவைக் குறிக்கும் இடமெல்லாம் அது வெற்றிடத்தில் அளந்ததா, காற்றில் அளந்ததா என்பதையும் உடன் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.