சுரைக்குடுக்கை ஞின்: ஐஞ்சு குழலும் ஒண்டாக் கத்துது, எங்கை பிழை?

முள்ளியவளையான்:
பள்ளிக்கூடக் கண்காட்சிக்குப் பர்மியரின்ரை ஞின் (சுரைக்குடுக்கையிலை மூங்கில் குழல் செருகி வாயாலை ஊதிற வாத்தியம்) மாதிரி ஐஞ்சு குழல் வாத்தியம் செய்யிறம். மகுடிக்கு வெட்டிற மாதிரி நாணல் தண்டிலை நாக்கு (காத்துப் பட்டு அதிர்ந்து சத்தம் தாற மெல்லிய துண்டு) வெட்டி வைச்சம். ஊதினால் எல்லாக் குழலும் சேர்ந்து இரையுது. குழல் ஓட்டையை விரலாலை மூடினாலும் அடங்கேல்லை.

பாலைநிழல்:
நாக்குத்தான் பிழை தம்பி. மகுடி நாக்கு விளிம்பிலை அடிபட்டு அதிரும். ஞின் நாக்கு தன்ரை சட்டத்துக்குள்ளாலை அங்காலையும் இஞ்சாலையும் போய்வரவேணும்; அதாலைதான் ஊதினாலும் உறிஞ்சினாலும் பேசும். 0.2 மி.மீ. பித்தளைத் தகட்டிலை மூண்டு பக்கம் வெட்டி, ஒரு பக்கத்தை ஒட்டியிருக்க விடுங்கோ. 15 மி.மீ. நீளம், 2 மி.மீ. அகலம் போதும். வெளிச்சத்திலை பிடிச்சால் மயிரிழையளவுதான் இடைவெளி தெரியவேணும். கூடினால் காத்து சும்மா போகும், உரசினால் ஊமை. சுருதி ஏற்ற நுனியைச் சுரண்டுங்கோ, இறக்க அடியை. நுனியைக் கூடச் சுரண்டிப்போட்டால் அதிலை ஒரு பொட்டு மெழுகு வையுங்கோ.

தேன்வதை:
புல்லாங்குழலை மறந்திடுங்கோ. இதிலை ஓட்டையை மூடினால்தான் சத்தம். குழலின்ரை நீளமும் நாக்கின்ரை அதிர்வும் ஒத்துப்போனால்தான் நாக்கு பேசும். ஓட்டை திறந்தால் அந்தப் பொருத்தம் குலைஞ்சிடும். அதாலை குழலை நீளமா விட்டு, மூடி ஊதிப் பார்த்துப் பார்த்து மேல்நுனியை நறுக்குங்கோ. நாக்கு குடுக்கைக்குள்ளை, ஓட்டை குடுக்கைக்குச் சற்று மேலை. உள்கணுவைப் பழுக்கக் காய்ச்சின கம்பியாலை துளைக்கவேணும்.

குழல் நுழையிற இடத்துக்குத் தேன்மெழுகுதான். மெழுகுதிரி மெழுகு வெடிச்சுக் காத்துக் கசியும். ஆனால் எங்கட சித்திரை வெயிலுக்குத் தனி மெழுகும் இளகும், கொஞ்சம் குங்கிலியம் உருக்கிக் கலவுங்கோ.

முள்ளியவளையான்:
நன்றி அண்ணை. மூங்கில் இப்பவே மா மாதிரி உதிருது.

பாலைநிழல்:
உளுத்துப்போச்சு, அதை எறியுங்கோ. புதுசை ரண்டு மூண்டு கிழமை தண்ணியிலை ஊறப்போட்டு நிழலிலை காயவிடுங்கோ. மாச்சத்துக் கழுவுப்பட்டால் வண்டு அவ்வளவாய் வராது. குடுக்கைக்குள்ளை இருக்கிற சோத்தியையும் (உள்சதை) நல்லாச் சுரண்டவேணும், இல்லாட்டி மூச்சு ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும்.

கண்காட்சிப் பலகைக்கு ஒரு வரி: கி.பி. 802இலை பழைய பர்மாவின்ரை பியூ நாட்டு இசைக்குழு சீனத்துத் தாங் அரசவைக்குப் போனபோது சுரைக்குடுக்கை வாத்தியமும் கொண்டுபோனது.

தேன்வதை:
ஊதி முடிய ஈரம் உலரவிட்டு வையுங்கோ. நாக்கிலை துளி நிண்டால் அடுத்தநாள் அந்தக் குழல் பேசாது.