ஆளைத் தேட வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்
குடியாத்தம் பக்கத்துத் தோழிகளுக்கு வணக்கம். எதிர்வீட்டு அக்கா பீடி சுற்றிப் பிழைக்கிறவர். வேலைக்கென்று வெளியூர் போன கணவரிடமிருந்து தகவலே இல்லை. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து இரவெல்லாம் ஓடு ஒழுகுகிறது. சுற்றிய பீடிக் கட்டுகளை முறத்தில் வைத்துத் தன் சேலையால் மூடிவிட்டு, நனைந்தபடி உட்கார்ந்திருக்கிறார். நமத்துப்போனால் கழித்துவிடுவார்கள், கூலி போயிற்று. காற்றில் கதவு ஆடினால்கூட எழுந்து பார்க்கிறார், அவர்தானோ என்று. (எனக்கு அந்த மனிதர்மேல் கோபம்தான் வருகிறது. அக்காவிடம் சொல்ல முடியுமா?)

181 மகளிர் உதவி எண்ணைச் சொன்னேன். "புகார் வேண்டாம்மா, எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் போதும்" என்கிறார். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. வேலூரில் அதை நாடியவர்கள் இருந்தால், வழக்கில்லாமல் ஆளைத் தேட உதவுவார்களா என்று சொல்லுங்கள். பழைய தார்ப்பாய் இருந்தாலும் கொடுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.