சமசமாஜக் கட்சியின் பழைய தமிழ்த் துண்டுப்பிரசுரங்கள் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் உறவுகளே, ஓர் உதவி வேண்டும்.

என் அப்பப்பா இலங்கையின் இடதுசாரிக் கட்சியான லங்கா சமசமாஜக் கட்சிக்காகத் தேர்தல் வேலை செய்தவர். அவர் போன பிறகு பெட்டியில் இரண்டு மங்கிய படங்கள்தான் மிஞ்சின. அவர் காலத்துத் தமிழ்த் தோழர்களைப் பற்றி எழுத ஆசைப்படுகிறேன்.

1947 தேர்தலில் 10 இடங்கள் வென்ற கட்சி அது, அதன் தலைவர் என். எம். பெரேரா எதிர்க்கட்சித் தலைவரானார். மலையகத் தொழிலாளரின் குடியுரிமையைப் பறித்த 1948 சட்டத்தை எதிர்த்தது. 1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது, ஒரு மொழி என்றால் இரண்டு நாடு என்று நாடாளுமன்றத்திலேயே எச்சரித்தவர் கட்சியின் இன்னொரு தலைவரான கொல்வின் ஆர். டி சில்வா. அதே கொல்வின்தான் 1972 அரசியலமைப்பை உருவாக்கினார். சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி, பௌத்தத்துக்கு முதலிடம் என்றது அது. எனக்கு இன்னும் மனம் ஆறாத இடம் இதுதான்.

1964இல் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசில் சேர்ந்தார்கள். 1977 தேர்தலில் ஓர் இடம்கூட இல்லை. சரி, அது தெரிந்த கதை. இடையில் தமிழ்த் தோழர்கள் என்ன செய்தார்கள்? யார் விலகினார்கள், யார் கடைசிவரை நின்றார்கள், ஏன்?

அந்தக் காலத்து நோட்டீஸ், கூட்ட அழைப்பிதழ், கடிதம் ஏதாவது வீட்டில் இருந்தால் கைபேசியில் படம் எடுத்து அனுப்புங்கள். அப்புறம், வாக்குக் கேட்டு வீடுவீடாக நடந்த பெரியவர்கள் யாரும் உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு மணி நேரம் அவர்களோடு பேச வழி செய்வீர்களா? எண்பது, தொண்ணூறு வயது இருக்கும், அதனால்தான் அவசரப்படுகிறேன்.