போடிமெட்டு ஏறி நிறுத்தினால் கருகல் வாடை: கிளட்ச்தானா?

பூப்பாறையிலிருந்து கேட்பவர்:
வணக்கம். வாரம் இரண்டு தடவை ஏலக்காய் ஏலத்துக்காகப் போடிக்கு இறங்கி ஏறுகிறேன். 2013 மாடல் பெட்ரோல் கார், 94,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மூன்று வாரமாக, திரும்பி வரும்போது 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி போடிமெட்டில் டீ குடிக்க நிறுத்தினால் வண்டிக்குள் கருகல் வாடை. முந்தாநாள் பானெட் இடுக்கில் லேசாகப் புகையும் வந்தது. டெம்பரேச்சர் முள் நடுவில்தான் நிற்கிறது, எந்த விளக்கும் எரியவில்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஓட்டிக்கூடப் பார்க்காமல், "மலையேறுற வண்டி, கிளட்ச்தான் போயிருக்கும், செட்டோடு மாத்தணும்" என்று 9,500 ரூபாய் சொல்லிவிட்டார்கள். அம்மாவும் என்னோடு வருவார்கள், அதனால் பயமாக இருக்கிறது. என்ன பார்க்கலாம்?

சாந்தன்பாறை ஜீப் ஓட்டுநர்:
அண்ணே, தோட்டத்துக்கு ஆள் ஏற்றி தினமும் அந்த மெட்டு ஏறுகிறவன் நான். கிளட்ச் கருகினால் காய்ந்த அட்டையைக் கொளுத்தின நாற்றம் வரும். அதுவும் வளைவில் பாதி கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தும்போதே வந்துவிடும், சமதளத்தில் கொஞ்ச தூரம் ஓடினால் போய்விடும். நிறுத்திய பிறகு கூடுகிற வாடை என்றால் எனக்குக் கிளட்ச் மேல் சந்தேகம் இல்லை. சமதளத்தில் நாலாவது கியரில் நிதானமாகப் போய் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மிதித்துப் பாருங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி வேகம் எடுக்காவிட்டால்தான் பிளேட் வழுக்குகிறது.

போடி மெக்கானிக்:
தம்பி, நாலு விஷயம் சொல்லுங்க. வாடை எப்படி: இனிப்பா, பிளாஸ்டிக் மாதிரியா, அடுப்பில் எண்ணெய் தீய்கிற மாதிரியா? ஏசியை உள்காற்றுக்கு மாற்றினால் குறைகிறதா? கடைசியாக எப்போது ஆயில் மாற்றினீர்கள்? டிப்ஸ்டிக்கில், அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பியில், அளவு எங்கே நிற்கிறது? இனிப்பு வாடை என்றால் கூலன்ட் ஒழுகுகிறது. பிளாஸ்டிக் வாடை என்றால் ஒயர் கருகுகிறது. அப்படியானால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிப் போட்டுவிட்டு வண்டியைத் தொடாதீர்கள்.

பூப்பாறையிலிருந்து கேட்பவர்:
நாலாவது கியரில் பார்த்தேன், நன்றாக இழுக்கிறது. தீய்ந்த எண்ணெய் வாடைதான் அண்ணே. உள்காற்றுக்கு மாற்றினால் பாதியாகக் குறைகிறது. ஆயில் மாற்றி இரண்டு மாதம் ஆகிறது. அப்போது மேல் கோட்டில் இருந்தது, இப்போது கீழ்க்கோட்டுக்கு மேலே ஒரு நூல் அளவுதான்.

போடி மெக்கானிக்:
அப்போ ஆயில் எங்கேயோ ஒழுகுகிறது. ஆயில் மாற்றும்போது சிந்தியதாக இருந்தால் சில நாளில் எரிந்து தீர்ந்திருக்கும், இரண்டு மாதம் நிற்காது. டாப் கவர் பேக்கிங், அதாவது இன்ஜின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர், காய்ந்துபோய், ஆயில் பின்பக்கம் சொட்டி, சூடான மேனிஃபோல்டில் (இன்ஜின் புகை வெளியேறும் இரும்புக் குழாயில்) விழுகிறது என்றுதான் நினைக்கிறேன். ஓடும்போது காற்று அடித்துக்கொண்டு போகும். நின்றால் புகை மேலே எழும்பி, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்றுத்துளை வழியாக உள்ளே வரும்.

இன்ஜின் முழுதாக ஆறட்டும். மேனிஃபோல்டு ஆறாமல் கையும் தண்ணீரும் படக்கூடாது. கவரைச் சுற்றித் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரை ஓரமெல்லாம் தூவுங்கள். இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். ஒழுகும் இடம் தானே காட்டிக்கொடுக்கும்.

அதுவரை கீழ்க்கோட்டுக்கு இறங்க விடாமல் அதே கிரேடு ஆயில் ஊற்றுங்கள். சூடான இரும்பில் ஆயில் சொட்டினால் தீப்பிடிக்கவும் கூடும். அதனால் சரி செய்யும்வரை அம்மாவை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏற வேண்டாம்.

பூப்பாறையிலிருந்து கேட்பவர்:
தெரிந்துவிட்டது! வெள்ளைப் பவுடரில் பின் மூலையிலிருந்து காப்பிக் கலரில் ஒரு கோடு, பென்சிலால் இழுத்தது போல மேனிஃபோல்டு வரை இறங்கியிருக்கிறது. கிளட்சுக்கே கொடுத்திருந்தால் பணமும் போயிருக்கும், வாடையும் போயிருக்காது.

போடி மெக்கானிக்:
நல்லது. பேக்கிங் மட்டும் மாற்றினால் போதாது. கவரோடு சேர்ந்த பிசிவி வால்வையும் (இன்ஜினுக்குள் சேரும் காற்றழுத்தத்தை வெளியேற்றும் வால்வு) கழற்றி, ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலான வண்டிகளில் கலகலவென்று சத்தம் வரணும். அடைத்திருந்தால் இன்ஜினுக்குள் காற்று அழுத்தம் ஏறி, புதுப் பேக்கிங்கையும் மீறி ஆயிலைத் தள்ளும். மலையேற்றத்தில் இன்னும் அதிகம். ஸ்பார்க் பிளக் குழியில் ஆயில் நிற்கிறதா என்றும் பாருங்கள், நின்றால் அந்தக் குழியின் சீல் ரப்பரையும் மாற்றணும். போல்ட்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கணும். பலம் காட்டினால் அலுமினியத்தில் மரை போய்விடும், அது பேக்கிங்கை விடப் பெரிய செலவு.

பூப்பாறையிலிருந்து கேட்பவர்:
பக்கத்தில் இருந்து பார்த்தேன். பழைய பேக்கிங் ரப்பராகவே இல்லை, வளைத்ததும் அப்பளம் மாதிரி ஒடிந்தது. வால்வும் கசடு பிடித்து அடைத்திருந்தது, புதிது போட்டாச்சு. எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய். நேற்று மேனிஃபோல்டில் ஒட்டியிருந்த பழைய ஆயில் கொஞ்சம் புகைந்தது. இன்று மெட்டு ஏறி நிறுத்தி, பானெட்டைத் திறந்து முகர்ந்தும் பார்த்தேன், வாடை இல்லை. இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி அண்ணே.

போடி மெக்கானிக்:
சந்தோஷம் தம்பி. இன்னும் நாலு தடவை ஏறி இறங்கிய பிறகு, காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது டிப்ஸ்டிக்கைப் பார்த்துச் சொல்லுங்கள். அளவு அப்படியே நின்றால் அம்மாவை ஏற்றிக்கொள்ளலாம்.